ஜோதிக்கு விழுந்த மாலை

அமிர்தவள்ளியிடம் ஒரு சாக்கு நிறையக் கும்பிட்ட கைகள் இருக்கின்றன. எல்லாம் பிளெக்ஸ் பேனரிலிருந்து வெட்டி எடுத்தவை. மாதனூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் சாலையோரம் எந்தப் பேனரைப் பார்த்தாலும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கும்பிட்டபடி நின்றுகொண்டிருப்பார். பிறந்தநாள் என்றாலும் கும்பிடு, கும்பாபிஷேகம் என்றாலும் கும்பிடு. விழா முடிந்த மறுநாள் அந்தப் பேனர் முதலில் அவிழ்ப்பவருக்குச் சொந்தம். சிலர் கூரைக்குப் போர்த்துவார்கள், சிலர் விறகை மூடுவார்கள், சிலர் வேர்க்கடலை காயவைப்பார்கள். அமிர்தவள்ளி கத்தரிக்கோலை எடுப்பாள். முதலில் கையைத்தான் வெட்டுவாள். "ஒரு வேலையும் செய்யாத கை. அதான் இவ்ளோ பளபளன்னு இருக்குது" என்பாள்.

அவளுக்கு நாற்பது நெருங்குகிறது. மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் சீக்கிரம் போகாது. மாதனூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போய் ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். வெட்டி வரும் தோல் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். உண்ணி கடித்த தழும்போ, முள் கிழித்த கீறலோ தெரிந்தால் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட வேண்டும். வட்டம் விழுந்தால் அது கழிவு. அந்த மாடு உயிரோடு மேய்ந்து திரிந்ததற்கு மிச்சமிருக்கும் ஒரே அத்தாட்சி அந்தத் தழும்புதான். அதுதான் ஷூ வாங்குகிறவர்களுக்கு ஆகாது.

கழித்ததையும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. கேட்டில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். கழிவெல்லாம் லாரி ஏறி ஆம்பூரில் ஹலீமா பீயின் குடோனுக்குப் போகும். துண்டு துணுக்குகளை நிறம் பிரித்து விற்கிற பெண்மணி அவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அமிர்தவள்ளி நேரே அங்கே போய், தான் போட்ட வட்டத்தைத் தானே தேடிப் பொறுக்குவாள்.

"நீயே கழிக்கிற, நீயே வந்து பொறுக்குற. இன்னா பைத்தியம்மா நீ?" என்பார் ஹலீமா பீ. சொல்லிவிட்டு டீயும் வரவழைப்பார்.

வீட்டுப் பின்சுவர் முழுக்க அவள் கைவேலைதான். தோல் துண்டு, பிளெக்ஸ் துண்டு, சுவரிலிருந்து அடை அடையாக உரித்த சினிமா போஸ்டர், பழைய காலண்டர் சாமிகள், தீப்பெட்டி லேபிள், ஷாம்பூ பாக்கெட், ஷூவில் கயிறு கோக்கிற பித்தளை வளையம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சொல்யூஷன் தடவி ஒட்டி, ஊசியால் தைத்து வைத்திருப்பாள். காலண்டர் அம்மனின் எட்டுக் கைகளில் சூலத்தையும் உடுக்கையையும் எடுத்துவிட்டு, கத்தரிக்கோல், துடைப்பம், டிபன்பாக்ஸ், பஸ் கம்பி என்று கொடுத்திருந்தாள். வேளாங்கண்ணி மாதாவின் ஒளிவட்டம் ஒரு கீரைக்காரியின் தலைக்குப் பின்னால் இருந்தது. பங்குச் சாமியார் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று அவள் கணவன் ஆரோக்கியசாமிக்குப் பயம். தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் ஓட்டுகிற மனுஷன் அவன். "வீடா இது, குப்பைத்தொட்டியா?" என்று வெகுநாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு நாள் அவனே நகைக்கடைப் பேனர் ஒன்றைச் சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு வந்தான். "நடிகை கண்ணு நல்லா பெருசா இருக்குது. ஒனக்கு ஆவுமேன்னு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

அவளுக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும். அவள் கோபம் எங்கே ஆரம்பித்தது என்றால், பேனரில்தான். இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணின் முகம் பேனரில் எப்போது வரும்? வயதுக்கு வந்தால் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வரும், கன்னத்தில் ரோஸ் பூசி, பின்னால் சுவிட்சர்லாந்து மலை வைத்து. கல்யாணத்துக்குப் பாதிப் பேனர் கிடைக்கும், மீதிப் பாதி மாப்பிள்ளைக்கு. அதற்கப்புறம் செத்தால்தான். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி, மாலை சுற்றிக் கட்டுவார்கள். நடுவில் அவள் தைத்த ஷூ உலகமெல்லாம் நடக்கும், அவள் முகம் பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரியாது. ஆம்பளைக்கோ, பல் முளைத்தது முதல் வார்டு தேர்தலில் நிற்கிறது வரைக்கும் பேனர்தான்.

"நடுவுல நாமெல்லாம் மூஞ்சியே இல்லாமத்தான் இருக்கோம்" என்று அவள் பஸ்ஸில் சொல்வாள். பக்கத்து சீட்டில் ஜோதி சிரிப்பாள்.

ஜோதி நான்காவது லைனில் மிஷினில் தைப்பவள். பல வருஷமாக இருவருக்கும் ஒரே சீட்டு. ஜோதிக்கு நீளமான முகம், கூர்மையான பெரிய மூக்கு, சிரித்தால் ஒரு பக்கம் கோணும் வாய். பேச்சும் அந்த மூக்கு மாதிரிதான், குத்தும்.

அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு டோக்கன் உண்டு. சிவப்பு பிளாஸ்டிக் வில்லை. சூப்பர்வைசர் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஆணியில் டோக்கன் இல்லையென்றால் ஒருத்தி போயிருக்கிறாள், அவள் வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். லைனில் அத்தனை பெண்கள், ஒரே ஒரு டோக்கன். இதைக் கண்டுபிடித்தவன் வீட்டில் தாய், தங்கை யாராவது இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். தண்ணீரே குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பு வந்து, அதற்கு லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள்.

ஒரு நாள் ஜோதி வீட்டுக்குத் தூரம். டோக்கன் ஆணியில் இல்லை. அவள் எழுந்து போய்விட்டாள். வெளியே வந்தபோது சூப்பர்வைசர் சம்பத் பாத்ரூம் வாசலிலேயே வழிமறித்து நின்றான்.

"டோக்கன் எங்க?"

"ஒன் வீட்டுப் பொம்பளைக்கும் டோக்கன் குடுத்துத்தான் அனுப்புறியா?" என்று ஜோதி கேட்டாள்.

அவ்வளவுதான். மறுநாள் கம்பெனி பஸ்ஸிலேயே ஏற விடவில்லை, வேலையை விட்டு நீக்கியாயிற்று என்றார்கள். லைனில் கேட்டவர்களிடம், "உடம்பு சரியில்லன்னு அவங்களே நின்னுட்டாங்க" என்று சம்பத் சொன்னான். ஜோதி குடியாத்தத்தில் தங்கை வீட்டோடு போய், விசைத்தறிக் கொட்டகையில் லுங்கி மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். உண்மை தெரிந்தவர்கள் மாதனூர் பஸ்ஸில் நாலைந்து பேர். அவர்களும் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அமிர்தவள்ளியும் திறக்கவில்லை. பக்கத்து சீட்டு காலியாகக் கிடந்தது, அதில் பையை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி போய் வந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் சௌமியா என்கிற பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் அமிர்தவள்ளி வீட்டுச் சுவரைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டாள். அது எப்படியோ சுற்றி வெல்ஃபேர் ஆபீசர் மதியழகன் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அமிர்தவள்ளியை ஏசி ரூமுக்குக் கூப்பிட்டு உட்காரவே சொன்னார்.

"வேஸ்ட்லேர்ந்து ஆர்ட். இதான் இப்போ நம்ம ஷூ வாங்குற பயருங்களுக்கு ரொம்பப் பிடிக்குது. வெளிநாட்லேர்ந்து வர்றாங்க. நம்ம கம்பெனில எதையும் வீணாக்க மாட்டோம்னு காட்டணும். பெருசா ஒண்ணு பண்ணிக் குடுங்கம்மா."

எதையும் வீணாக்க மாட்டோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அமிர்தவள்ளிக்கு வயிறு எரிந்தது. எத்தனையோ வருஷம் தைத்தவளை ஒரு வார்த்தைக்காகத் தூக்கிப் போட்டுவிட்டு, எதையும் வீணாக்க மாட்டார்களாம்.

"யார் மூஞ்சி வேணாலும் போடலாமா சார்?"

"ஏதாவது ஒரு லேடி வொர்க்கர் மாதிரி போடுங்க. சிரிச்ச மாதிரி இருக்கட்டும்."

அமிர்தவள்ளி சரி என்று எழுந்தாள். அன்றைக்கே யார் முகம் என்று முடிவாகிவிட்டது.

ஆளுயரத்துக்கு மேல் ஒரு பேனரை எடுத்து அதன் பின்பக்கம் ஒட்ட ஆரம்பித்தாள். ஜோதியின் நிறத்துக்குப் பழுப்புத் தோல்கள், நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, கழுத்து மடிப்புக்குக் கொஞ்சம் கருத்தது. வெள்ளி வட்டங்களை அப்படியே விட்டாள். நகைக்கடை நடிகையின் கண்ணை முதலில் ஒட்டிப் பார்த்தாள், சகிக்கவில்லை. அந்தக் கண் ஆளை மயக்கப் பார்த்தது, ஜோதியின் கண் ஊசியைப் பார்க்கிற கண். பிய்த்து எறிந்துவிட்டுக் கறுப்புப் பளபளத் தோலில் வெட்டி, நடுவில் பித்தளை வளையம் அடித்தாள். கூந்தலுக்கு ஷூ கயிறு. புடவை முழுக்கக் கட்சிப் பேனர் கரைகள். தலைக்குப் பின்னால் அம்மன் காலண்டரில் இருக்கிற மாதிரி பெரிய பிரபை, அதில் சுற்றிச் சுற்றித் தீப்பெட்டி லேபிள்கள். சாக்கிலிருந்த கும்பிட்ட கைகளில் கொஞ்சம் எடுத்துக் காலடியில் வரிசையாக வைத்தாள். இத்தனை நாள் ரோட்டைப் பார்த்துக் கும்பிட்டவர்கள் ஒரு தடவை ஜோதியைக் கும்பிடட்டும் என்று நினைத்தாள். தூக்கிய வலது கையில் அம்மன் சூலம் பிடிக்கிற இடத்தில், சிவப்புத் தோலில் ஒரு டோக்கன் தைத்தாள்.

படத்தைக் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மதியழகன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"யாரும்மா இது, சினிமா ஆக்ட்ரஸா?"

"நம்ம வொர்க்கர்தான் சார்."

"சூப்பர். கையில இன்னா, பிராண்ட் டேக்கா? குட் ஐடியா."

ஜோதியை நீக்கிய உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்து மறைத்தார் என்றால்கூட அமிர்தவள்ளி ஒருவேளை பொறுத்திருப்பாள். அந்த முகத்தை அவர் ஒரு நாளும் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. படத்துக்குக் கீழே அடித்து ஒட்டிய பலகையில் 'எங்கள் கழிவு மேலாண்மைக் குழுவின் படைப்பு' என்று இருந்தது. அமிர்தவள்ளி பேர் எழுத அதில் இடமே விடவில்லை.

பயர்கள் வரும் நாள் காலை, படம் துணி போட்டு மூடி முன் ஹாலில் நின்றது. லைனுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கேட் செக்யூரிட்டி வேதாசலம், ஹாலைத் திறந்து தூசி தட்டலாமென்று துணியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தினமும் கேட்டில் பை பார்த்தவர், "இன்னா தாத்தா, சாப்ட்டியா?" என்று ஜோதி தினமும் விசாரிக்கிற மனுஷர், அவருக்கா அந்த முகம் தெரியாது? கொஞ்ச நாளாக ஆளைக் காணோம். உடம்பு சரியில்லை என்றார்கள். இப்போது இத்தனை பெரிய படம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், காலடியில் கும்பிடு. போதாததற்குப் பக்கத்தில் குத்துவிளக்கு. கம்பெனியே அஞ்சலி வைக்கிறது என்று எடுத்துக்கொண்டார். விருந்தாளிகளுக்கென்று பக்கெட்டில் ரோஜா மாலைகள் நனைந்துகொண்டிருந்தன. பெரிதாக ஒன்றை எடுத்துப் படத்துக்குப் போட்டு, விளக்கையும் ஏற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்குத் திரும்பினார்.

பேரணாம்பட்டு பஸ் முதலில் வந்தது. கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. ஹாலுக்குள் நுழைந்தவர்கள் படத்தையும் மாலையையும் ஒன்றாகப் பார்த்தார்கள்.

"ஐயோ, ஜோதிக்கா!"

ஜோதிக்கு அடுத்த மிஷினில் தைத்த ஷர்மிளா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "போன வாரம் கனவுல வந்து தண்ணி கேட்டாங்களே, எனக்கு அப்பவே திக்குனு இருந்துச்சே!" அடுத்தடுத்து வந்த பஸ்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி ராகம் எடுத்தாள். ஜோதியோடு பேசியே இராதவர்கள்கூட அழுதார்கள், அவரவர் வீட்டுச் சாவை நினைத்துக்கொண்டு. லைனில் ஒரு மிஷினும் ஓடவில்லை.

மாதனூர் பஸ் கடைசியில் வந்தது. அமிர்தவள்ளி சத்தம் கேட்டு ஓடி வந்தாள். மாலையைப் பார்த்தாள், எரிகிற விளக்கைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவளே நம்பிவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் போனில் பேசியவள், ராத்திரிக்குள் ஏதாவது ஆகிவிட்டதா? பிறகு விஷயம் புரிந்தது. புரிந்ததும் வந்த கோபம் மதியழகன் மேலா, வேதாசலம் மேலா, தரையில் புரண்ட தன் ஜனங்கள் மேலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

"நிறுத்துங்கடி! ஜோதி சாவல! குத்துக்கல்லாட்டம் குடியாத்தத்துல லுங்கி மடிச்சிக்கினு இருக்கா!"

அழுகை பாதியில் நின்றது.

"பொம்பள மூஞ்சி பெருசாத் தெரிஞ்சா செத்துத்தான் போயிருக்கணுமா? உசுரோட இருக்கிறவளுக்கு ஒரு படம் வெக்கக் கூடாதா? அவளா நிக்கல. டோக்கன் இல்லாம பாத்ரூம் போனான்னு தொரத்துனாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தேன், இனிமே இருக்க மாட்டேன்!"

மதியழகன் ஓடி வந்தார். பயர்களின் கார் கேட்டுக்கு வந்துகொண்டிருப்பதாகப் போன் வந்திருந்தது. "எல்லாரும் லைனுக்குப் போங்க, போங்க" என்றார். யாரும் அசையவில்லை. "சார், ஜோதிக்காவக் கண்ணால பாத்தாத்தான் நம்புவோம்" என்றாள் ஷர்மிளா மூக்கைச் சிந்தியபடி. மதியழகன், சத்தம் கேட்டுக் கேட்டிலிருந்து வந்திருந்த வேதாசலத்தின் மேல் பாய்ந்தார்.

"யோவ், முதல்ல அந்த மாலைய எடு!"

"நான் எடுக்க மாட்டேன் சார்" என்றார் வேதாசலம். "உசுரோட இருக்கிற பொண்ணுக்குப் போட்டுட்டேன். அதுவே வந்து அது கையால எடுத்தாத்தான் அந்த தோஷம் போவும்."

வேறு யாரும் எடுக்க முன்வரவில்லை. மதியழகனும் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார். படித்தவர்தான், ஆனாலும் அவரும் இந்த ஊரில் பிறந்தவர்.

அதற்குள் பயர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களில் உயரமாக இருந்த அம்மாள் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். வெள்ளி வட்டங்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். மாலையைப் பார்த்து அழகு என்றாள். யார் இந்தப் பெண், பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

மதியழகனுக்கு வேர்த்துவிட்டது. "நம்ம சீனியர் வொர்க்கர். இன்னிக்கி லீவுல இருக்காங்க. வரவழைக்கிறேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். அமிர்தவள்ளியிடம் அட்ரஸ் வாங்கிக்கொண்டு கம்பெனி கார் குடியாத்தம் பறந்தது.

பயர்கள் பிரியாணி சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு ஜோதி வந்து இறங்கினாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. வேதாசலம் கேட்டை அகலத் திறந்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஹால் நிறையப் பெண்கள். ஷர்மிளா ஓடி வந்து அவள் கையைக் கிள்ளிப் பார்த்தாள். ஜோதி தன் படத்துக்கு முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மூக்க ஏன்டி இவ்ளோ பெருசா வெச்ச?"

"இருக்கிறதத்தான் வெச்சேன்" என்றாள் அமிர்தவள்ளி.

ஜோதியின் பார்வை படத்தின் வலது கைக்குப் போனது. சிவப்பு டோக்கனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எம்பி, தன் படத்திலிருந்து மாலையைத் தன் கையாலேயே கழற்றினாள். வேதாசலம் பெருமூச்சு விட்டார்.

மாலையைக் கீழே போடவில்லை, யாரிடமும் கொடுக்கவுமில்லை. அதைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே நான்காவது லைனுக்கு நடந்தாள். பெண்கள் எல்லாரும் பின்னால் போனார்கள். என்ன சடங்கோ என்று பயர்களும் போனார்கள். சம்பத் தன் மேஜையருகே நின்றிருந்தான். அவன் தலைக்கு மேலே ஆணியில் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது.

"தள்ளு" என்றாள் ஜோதி. அவன் தள்ளினான். மாலையை அந்த ஆணியில், டோக்கனுக்கு மேலே, ஒழுங்காகப் பார்த்து மாட்டினாள். இரண்டடி பின்னால் வந்து, கையெடுத்து ஒரு கும்பிடும் போட்டாள். அந்த உயரமான அம்மாள் அதைப் படம் பிடித்துக்கொண்டாள்.

சீனியர் வொர்க்கர் என்று பயர்களிடம் வாயால் சொன்ன மதியழகனால் அதைத் திருப்பி வாங்க முடியவில்லை, ஜோதியைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலையில் ஜோதி மாதனூர் பஸ்ஸில் ஏறி, அமிர்தவள்ளியின் பையைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிட்டுத் தன் சீட்டில் உட்கார்ந்தாள்.

மாலை போட்ட டோக்கனைத் தொட நான்காவது லைனில் யாருக்கும் மனசு வரவில்லை. சம்பத்துக்குக்கூடத் தைரியம் வரவில்லை. ரோஜா கருகிச் சருகான பிறகும் அது அப்படியே தொங்கியது. வேண்டியபோது எழுந்து பாத்ரூம் போனார்கள், வந்து உட்கார்ந்து தைத்தார்கள்.